அப்பா அந்தப் பக்கமே பார்த்திருக்கட்டும்

ராசா,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயாலாவது நீ கேட்டுச் சிரிப்பதைவிட நானே எழுதிவிடுவது மேல். போன ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டு வந்து, வயிறு நிறையச் சோறு தின்றுவிட்டு, முன்னறையில் பாயை விரித்துப் படுத்தேன். மலாக்காவில் நம் காஜா பெராங் பக்கம் ஞாயிறு மத்தியானம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், கோழிகூடக் கண்ணை மூடிக்கொள்ளும். நல்ல தூக்கத்தில் எக்காளம் கேட்டது. கனவில் இல்லை, நிஜமாகவே, பித்தளைச் சத்தம், காற்றில் நீளமாக இழுத்துக்கொண்டு. அன்று காலையில்தான் சாமியார் கடைசி நாளைப் பற்றிப் பிரசங்கம் வைத்திருந்தார்: எக்காளம் தொனிக்கும், கல்லறைகள் திறக்கும், மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று. சரி, வந்துவிட்டது என்று எழுந்தேன். முழங்காலில் நின்றாயா, பாவத்துக்கு அழுதாயா என்று கேட்காதே. பெட்டியைத் திறந்து, உன் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருக்கிற பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினேன். ஆண்டவர் வருகிற நேரத்தில் சாயம் போன சாரோங்கோடு எப்படி நிற்பது. முகத்துக்குப் பவுடரும் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து கிழக்கே பார்த்து நின்றேன்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் படியில் உட்கார்ந்து மீன் வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மௌ பெர்கி மானா?" என்றாள், எங்கே கிளம்பிவிட்டாய் என்று. நான் என்னத்தைச் சொல்ல. "பாசாருக்கு" என்றேன். ஞாயிறு மத்தியானம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எந்தச் சந்தைக்கு என்று அவள் கேட்கவில்லை, பெரிய மனசுக்காரி. பள்ளிக்கூடத் திடலில் பையன்கள் மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு ஊதிப் பழகுகிறார்கள், காலையிலிருந்து காது போச்சு என்று அவளே சொன்னாள். நான் உள்ளே வந்து புடவையை மடித்து வைத்தேன். மடித்தால் இரண்டு தடவையும் கோணிக்கொண்டது. ஏன் என்று சொல்கிறேன். வாசலில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் என் பாவங்களில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒரே ஒரு நினைப்புதான் வந்தது: ஐயோ, உங்கப்பா ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கப் போகிறாரே.

அப்போதுதான் உன் கடிதம் எனக்கு முழுசாக உறைத்தது. அது வந்து மூன்று வாரமாகிறது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவளுக்கு நீ அவ்வளவு பொடி எழுத்தில் எழுதலாமா? ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் கல்லறையைத் தோண்டி, பெட்டியை மறுபக்கம் திருப்பி வைக்க வேண்டும், உன் மாமனார் அதை நினைத்து மிகவும் சங்கடப்படுகிறார், சாமியாரைக் கேட்டதற்கு அம்மா சம்மதம் சொன்னால் செய்யலாம் என்கிறார், ஆகவே அம்மா ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்று எழுதியிருந்தாய். ஒரு வார்த்தைதான் கேட்டாய். எனக்கு அது எப்போதுமே வராது, இத்தனை தாளும் அதற்குத்தான். இதை நீ மட்டும் படித்து மடித்து வைத்துவிடாதே. கோலாலம்பூரில் உன் மாமனார் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சத்தமாகப் படி. கோயில் மாதப் பத்திரிகைக்காரர் வாங்கிப் போட்டாலும் போடட்டும். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தச் சொல், மற்றதில் கை வைக்க வேண்டாம்.

உன் மாமனாருக்கு நடந்தது அரைகுறையாகத்தான் தெரியும். அவருக்காக ஒரு முறை சொல்கிறேன். நம் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் தலையை மேற்கே வைத்துக் காலைக் கிழக்கே நீட்டிப் படுத்திருக்கிறார்கள். ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார் என்று விசுவாசம். எழுந்து உட்கார்ந்தால் முகம் நேரே அவரைப் பார்க்கும். நம் ஆட்கள் பெட்டியைத் தூக்கும்போது கால்பக்கம் முன்னால் போகும். பெரிய வாசல் மேற்கே இருக்கிறது. அதில் நுழைந்து நேரே நடந்து, குழிக்குள் அப்படியே இறக்கினால், கால் தானாகக் கிழக்கே போய்விடும். இத்தனை வருஷமாக யாரும் திசை பார்த்ததில்லை. வாசல் பார்த்துக்கொண்டது. உங்கப்பாவை எடுத்த அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பெரிய வாசலில் சாக்கடை பொங்கி முழங்காலுக்குத் தண்ணீர். சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போய், கிழக்குப் பக்கமிருந்து உள்ளே வந்தீர்கள். எப்போதும் போலக் கால் முன்னால். எப்போதும் போல நேரே நடந்து, எப்போதும் போல அப்படியே இறக்கினீர்கள். நானும் குடைக்கடியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் தோன்றவில்லை. சிலுவையை மற்ற சிலுவைகளோடு வரிசையாக மேற்குப் பக்கம் நட்டார்கள். அதாவது உங்கப்பா காலடியில். பெட்டிக்கு முன்னால் தோள் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் உங்கப்பாவோடு ரப்பர் கிடங்கில் வேலை செய்த சவரிமுத்து. இன்னொருவன் நீ. மீசை அரும்பியிருந்த வயது உனக்கு. ஒரு கண்ணில் மழை, ஒரு கண்ணில் அழுகை, நீ எங்கே திசையைக் கண்டாய்.

அன்று சாயங்காலமே சவரிமுத்து வந்தார். நனைந்த சட்டையை மாற்றாமல் படியிலேயே நின்றார்.

"அண்ணி."

"உள்ள வாங்க தம்பி. கோப்பி கலக்கட்டுமா?"

"கோப்பி வேணாம் அண்ணி. ஒன்னு சொல்லணும். அண்ணன திருப்பி வச்சிட்டோம்."

"எங்கருந்து எங்க திருப்பினீங்க?"

"குழியிலதான். காலு மேக்கால போயிருச்சு. பின்வாசல் வழியா வந்தோம் பாருங்க. வீட்டுக்குப் போயி சோத்துல கைய வச்சேன், சட்டுனு வெளங்குச்சு. சோறு எறங்கல."

நான் அவரையே பார்த்தேன். "அப்ப கடைசி நாளுல எல்லாரும் எந்திரிச்சு அந்தப் பக்கம் பாக்கையில, உங்க அண்ணன் மட்டும் இந்தப் பக்கம் பாத்துகிட்டு இருப்பாரா?"

"ஆமா அண்ணி."

"எல்லாரையும் பாத்துகிட்டு. கிளாசுல வாத்தியார் மாதிரி."

"அண்ணி, சிரிக்க வைக்காதீங்க அண்ணி, நான் அழுதுகிட்டு வந்திருக்கேன்."

அவர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். புருஷனை மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்று. உள்ளே துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். எனக்கு என்ன வெட்கம், அந்தச் சிரிப்புதான் என்னை அன்றைக்குத் தரையில் நிற்க வைத்தது. ஆனால் நீ அடுக்களை வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய் என்பதை நான் கவனிக்கவில்லை. நீ சிரிக்கவும் இல்லை, பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். இப்போது உன் கடிதத்தின் கடைசி மூலையில், இடம் பத்தாமல் பக்கவாட்டில் எழுதியிருக்கிறாய்: "நான்தானே முன்னால் நடந்தேன்." மாமனார் சங்கடம் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், உன் சங்கடத்தை அந்த ஒரு வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மறுநாள் நான் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அப்போதிருந்தவர் பிரெஞ்சுக்காரர், தாடிக்குள்ளேயே சிரிக்கிறவர். "அம்மா, சாமியார் செத்தால் இப்படித்தான் வைப்பது வழக்கம். கடைசி நாளில் அவன் தன் ஜனங்களைப் பார்த்து எழும்ப வேண்டும். உன் புருஷனுக்குப் பிரசங்கம் வைக்கத் தெரியுமா?" என்று கேட்டார். "வீட்டில் தினமும் வைப்பார் சாமி" என்றேன். மழை நின்றதும் வா, திருப்பி வைக்கலாம் என்றார். மழை நின்றது. நான் போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டேன். யார் கேட்டாலும் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை, ராசா. காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை.

உன் மாமனார் நிச்சயத்துக்கு வந்தபோது, சம்பந்தி கல்லறையில் ஒரு செபம் சொல்ல வேண்டும் என்று கேட்டார். உபதேசியார் அல்லவா, முறை தெரிந்தவர். கூட்டிக்கொண்டு போனேன். சிலுவைக்குப் பக்கத்தில் துண்டை விரித்து முழங்காலில் நின்று, உங்கப்பா நெற்றியில் சிலுவை போடுகிற மாதிரி மண்ணில் போட்டார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"சம்பந்தி, அது கால்மாடு" என்றேன்.

துள்ளி எழுந்துவிட்டார். "காலா? சிலுவை இங்கதானம்மா இருக்கு."

"சிலுவை சரியாத்தான் இருக்கு. அவருதான் மாறிப் படுத்திருக்காரு."

"என்னம்மா இம்புட்டு லேசா சொல்றீங்க. எக்காளம் தொனிச்சா மனுசன் ஆண்டவருக்கு முதுகக் காட்டிகிட்டா நிப்பாரு?"

"எனக்கும் அப்படித்தான் காட்டிகிட்டு நடந்தாரு சம்பந்தி. பழக்க தோசம்."

அவர் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே பஸ் ஏறப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பார்த்தே இராத ஒரு மனிதருடைய ஆத்துமத்துக்காக ஒருவர் சோறு தண்ணி இல்லாமல் கவலைப்பட்டால் அது பெரிய குணம், அந்த வீட்டில் பெண் எடுப்பது நமக்குக் கொடுப்பினை. அதோடு, அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றபோது, அவர் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. தோண்டுங்கள் என்று அன்றைக்கே உனக்குச் சொல்லி அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். ஏன் அனுப்பவில்லை என்பதற்குத்தான் இனி வருகிற கதை. கல்யாணமாகப் போகிறவன் கேட்க வேண்டிய கதையும் அதுதான்.

உங்கப்பா நல்ல மனிதர். என்னை அடித்ததில்லை, குடித்ததில்லை, ஒரு நாளும் சாப்பாட்டைக் குறை சொன்னதில்லை. ஆனால் தெருவில் நடந்தால் எனக்கு முன்னால் நாலு வீடு தள்ளிப் போவார். அந்தக் காலத்தில் எல்லா ஆண்களும் அப்படித்தான். கோயிலுக்குப் போனாலும் முதுகு, சந்தைக்குப் போனாலும் முதுகு. அவர் சட்டையின் முதுகுத் தையலை நான் பார்த்த அளவுக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். நீ வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, என் தோட்டில் திருகு கழன்றுவிட்டது என்று பத்தர்கள் கடை போட்டிருக்கிற ஜாலான் துக்காங் எமாஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் முன்னால், நான் பின்னால், நீ எனக்கும் முன்னால். வழியெல்லாம் என்னோடு பேசிக்கொண்டேதான் போனார், திரும்பாமல். கிடங்கில் யார் யாரோடு சண்டை, உனக்கு என்ன பெயர் வைக்கலாம், ரப்பர் விலை ஏறுமா என்று. பிள்ளையார் கோயில் பக்கம் வந்தபோது எனக்கு இடுப்பு விட்டுப்போனது. அங்கே கச்சான் பூத்தே, வறுத்த கடலை, விற்கிறவர் நிழலில் உட்கார்ந்திருந்தார், நானும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பக்கத்துச் சுவரில் சாய்ந்தேன். கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். பிறகு, எவ்வளவு தூரம்தான் போவார் பார்ப்போம் என்று ஒரு குறும்பு வந்துவிட்டது.

போனார் ராசா. கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு போனார். பள்ளிவாசலுக்கு முன்னால் நின்றிருந்த பெரியவர் ஒருவர், தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிற இந்த மனிதரைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார். நேரே பத்தர் கடைக்குள் நுழைந்திருக்கிறார். நுழைந்ததும், "இவளுக்குத் தோடு கழண்டிருச்சு, கொஞ்சம் பாருங்க" என்றாராம். பத்தர் நிமிர்ந்து பார்த்து, "எவளுக்குங்க?" என்றாராம். இதெல்லாம் அந்தப் பத்தரே பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அப்போதுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

நான் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் உங்கப்பா வந்தார். முகம் என் பக்கம். கல்யாணம் முடிந்து அதுவரைக்கும், தெருவில் அந்த மனிதர் என்னை நோக்கி நடந்து வந்து நான் பார்த்ததே இல்லை. ஓட்டமும் நடையுமாக வந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண் ஒவ்வொரு கடையாகத் தேடிக்கொண்டு வந்தது. வெயில் நெற்றியில் பட்டு மினுங்கியது. என்னைக் கண்டதும் அந்த முகத்தில் என்னவோ நடந்தது, அதை எழுத எனக்கு எழுத்துப் பத்தாது. விளக்கு ஏற்றின வீடு மாதிரி என்று வைத்துக்கொள். கிட்ட வந்ததும் அந்த விளக்கை அணைத்துவிட்டார்.

"எங்க போன நீ?"

"நான் எங்கயும் போகல. நீங்கதான் போனீங்க."

"கூப்புட்டா என்ன?"

"பேசிகிட்டு இருந்தீங்க. நடுவுல எப்படிப் பேசுறது?"

என் கையிலிருந்த கச்சானில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு மறுபடியும் முன்னால் நடந்தார். அவ்வளவுதான். அந்த முகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கடைசிக் காய்ச்சலில்கூடச் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தார். அப்படிப்பட்ட மனிதரைப் பார்த்து, அண்ணன திருப்பி வச்சிட்டோம் அண்ணி என்று சவரிமுத்து வந்து சொன்னால், நான் சிரிக்காமல் என்ன செய்வேன்.

இது பொம்பளை ஆசை, வேத விஷயத்தில் இதற்கு இடமில்லை என்று உன் மாமனார் சொல்லக்கூடும். அவரிடம் ஒன்று கேட்டுச் சொல். என் தம்பியை, உன் சின்ன மாமாவை, ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். காய்ச்சலில் போய்விட்டான் என்று ஒருவர் சொன்னார். எங்கே வைத்தீர்கள் என்றேன். குழியா, ஆறா, காடா, தெரியாது. அவன் தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம்? ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நடுவிலிருக்கிற பெரிய சிலுவைக்கடியில், கல்லறை இல்லாதவர்களுக்கென்று ஏற்றுகிற மெழுகுதிரிகளோடு அவனுக்கும் ஒன்று ஏற்றுகிறேன். காற்று அடித்தால் உன் கையை வைத்து மறைக்கச் சொல்வேனே, அது. சரீரம் எழுந்திருக்கும் என்று ஞாயிறுதோறும் வாயால் சொல்கிறேன், சொல்லும்போதெல்லாம் அவனைத்தான் நினைக்கிறேன். சயாம் காட்டுக்குள் மூங்கில் வேருக்கடியில் கிடக்கிற என் தம்பியை எலும்பு எலும்பாகக் கண்டுபிடித்து எழுப்பத் தெரிந்த ஆண்டவருக்கு, மலாக்காவில் பேர் எழுதின சிலுவைக்குக் கீழே கொஞ்சம் மாறிப் படுத்திருக்கிற ஒரு மனிதரைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? இதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

நான் சமையலுக்குப் போகிற சீன பாபா வீட்டு அடுக்களையில் தேங்காய்ப்பால் காய்ச்சும்போது கை சும்மா கிளறிக்கொண்டிருக்கும், மனசு அந்தக் காலைக்குப் போய்விடும். நான் நினைக்கிற விதம் இது. சாமியார் சொல்கிற மாதிரி இடியும் நெருப்பும் அதில் இல்லை. இன்னும் விடியவில்லை. கல்லறைத் தோட்டத்துத் தூங்குமூஞ்சி மரம் இலைகளை மூடிக்கொண்டிருக்கிறது. எக்காளம் எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் ஊதுகிற மாதிரி மெதுவாகக் கேட்கிறது, தூங்குகிற பிள்ளையைத் தாய் தோளில் தட்டுகிற அளவுக்கு. இலைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. மண் அவித்த மாவு மாதிரி இளகிக்கொடுக்கிறது. எல்லோரும் எழுந்து உட்காருகிறார்கள், ஒருவர் முகத்திலும் வலி இல்லை. பேர் வைப்பதற்கு முன்னால் போன கைக்குழந்தைகள் உட்காரத் தெரிந்து உட்காருகின்றன. உஜோங் பாசிர் பக்கம் கடல் தன்னிடம் இருந்தவர்களைத் திருப்பிக் கொடுக்கிறது. தலைமயிரில் உப்போடு, சிரித்துக்கொண்டே அவர்கள் கரையேறி வருகிறார்கள். வடக்கே தண்டவாளத்து வழியாகப் பெரிய கூட்டம் ஒன்று நடந்து வருகிறது. யாரையும் யாரும் விரட்டவில்லை, அவசரமில்லாத நடை. அதில் என் தம்பி, போன அன்று போட்டிருந்த அதே கட்டம்போட்ட சட்டையோடு. வெளிச்சம் கிழக்கிலிருந்து வருகிறது. வெயில் மாதிரிச் சுடாத வெளிச்சம். எல்லா முகமும் அதைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.

உங்கப்பா மட்டும் மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இத்தனை பேரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போடுகிறார். அவர் காலுக்கு எதிரே, என் கால் அவர் காலைப் பார்த்தபடி, நான் உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம் முழுக்க என் முகத்தில். அவர் என்னைப் பார்க்கிறார். தெருக்கோடியில் பார்த்த அந்த முகம். அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வேன். ஆண்டவர் அவசரப்பட மாட்டார், பெண்டாட்டிகளைப் பற்றி அவருக்குத் தெரியும். அப்புறம் உங்கப்பாவிடம் சொல்வேன்: "இந்தாங்க, பின்னால யாரு வந்திருக்காங்கன்னு திரும்பிப் பாருங்க." நான் சொல்லி அந்த மனிதர் திரும்பப் போவது அதுதான் முதல் தடவை. திரும்புவார்.

அதனால், ராசா, மண்வெட்டி வேண்டாம். என் சம்மதம் கிடைக்காது. உன் மாமனார் வருத்தப்பட்டால் கல்யாணத்தில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் பேசுகிறேன், நான் பேசத் தொடங்கினால் சீக்கிரமே சமாதானம் ஆகிவிடுவார். உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. நீ முன்னால் நடந்தது தப்பு என்று இத்தனை வருஷம் நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாய். பெட்டியை அன்றைக்கே இறக்கிவிட்டாய், இதை ஏன் இன்னும் தோளில் வைத்திருக்கிறாய்? உன் அப்பாவை என் பக்கம் திருப்பிக் கொடுத்தவன் நீ. நான் அதற்கு உனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டேன். சிரிக்கிற வாய்க்குச் சில நேரம் பக்கத்தில் அழுகிறவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை மன்னித்துக்கொள். அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு தெருவில் போகும்போது பக்கத்தில் நட. உன் கால் நீளம், முடியாமல் முன்னால் போய்விட்டாய் என்றால், போகிற இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் நாலு தடவை திரும்பிப் பார். அவள் காணாமல் போகிற வரைக்கும் காத்திருக்காதே. எல்லோருக்கும் கச்சான்காரர் கிடைக்க மாட்டார்.

எனக்கு இடமும் கேட்டு வைத்துவிட்டேன். அப்பாவின் சிலுவைக்கு மேற்கே, அவர் காலடிக்கு நேராக, பள்ளமான ஒரு துண்டு இருக்கிறது. மழைக்குத் தண்ணீர் நிற்கிறது என்று யாரும் அதைத் தொடவில்லை. இப்போதைய சாமியார் சரி என்றார். நான் இப்போதைக்குப் போகிற மாதிரி இல்லை, உன் பிள்ளைகளைக் கெடுக்கிற வேலை பாக்கியிருக்கிறது. ஆனால் போகிற அன்று மழை பெய்தால், எந்த வாசல் வழியாக வந்தாலும், ஒரு நிமிஷம் நின்று திசையைப் பார். என்னை எல்லோரையும் போல ஒழுங்காக, கால் கிழக்கே இருக்கும்படி வை. நானும் மாறிப் படுத்தால் அவருக்கு என் முதுகுதான் தெரியும். அவருக்கு அது வேண்டும்தான், ஆனாலும் வேண்டாம்.

நேற்றுக் காலைப் பூசை முடிந்ததும் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற அவர் சிலுவை அவர் முகத்தை மறைக்குமா என்று ஒரு சந்தேகம். நின்று பார்த்தால் தெரியவில்லை. தரை காய்ந்திருந்தது, ஆகவே படுத்துப் பார்த்தேன். மேலே மரம், நல்ல காற்று, கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். பிறகு கிழக்கே பார்த்து எழுந்து உட்கார்ந்தேன். கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் படுத்தால் சிலுவை மறைக்காது. அந்த நேரத்தில் உஜோங் பாசிர்க்காரி ஒருத்தி தலைக்கூடையில் சிஞ்சாலோக் போத்தல்களோடு குறுக்கு வழியாக வந்துகொண்டிருந்தாள். அவளும் நம் வேதக்காரிதான். என்னைக் கண்டதும் முழங்காலில் விழுந்தாள். கூடை அவளோடு சேர்ந்து முழங்காலில் நிற்கவில்லை. இன்னும் யாராவது எழுந்திருக்கிறார்களா என்று மலாயில் கேட்டாள். இப்போதைக்கு நான் மட்டும்தான் என்றேன். புளித்த கூனிறால் அவ்வளவும் என் இடத்தில் கொட்டி ஊறிவிட்டது. உடையாத ஒரு போத்தலை நான் வாங்கிக்கொண்டேன், எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. அந்த இடத்தை இனிமேல் வேறு யாரும் கேட்க மாட்டார்கள் என்று கல்லறைக் காவல்காரர் சொல்கிறார்.